கேபிள் வழியாக ஓஎஸ்: வீட்டு நெட்வொர்க்கில் ஒரு சர்வர் நிறுவிய குறிப்புகள்

ஏழெட்டு மாதமாக இந்தப் பக்கத்தில் நடுகல் குறிப்புகள் எதுவும் வரவில்லை. ஏன் என்று சில நண்பர்கள் கேட்டிருந்தார்கள். அதற்கான பதில்தான் இந்தக் கட்டுரை. பாதி தொழில்நுட்பம், பாதி என் முட்டாள்தனம். தொழில்நுட்பப் பகுதியைப் பார்த்து உங்கள் வீட்டிலும் செய்து பார்க்கலாம். முட்டாள்தனப் பகுதியை மட்டும் தயவுசெய்து செய்து பார்க்காதீர்கள்.

எதற்கு வீட்டில் சர்வர்?

2012-இல் இருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சனி, ஞாயிறுகளில் சுற்றி நடுகற்களைப் படம் எடுத்து வருகிறேன் என்பது இங்கே வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். ஒரு கல்லுக்குக் குறைந்தது முப்பது படம். காலை வெயில் சாய்வாக விழும்போது ஒன்று, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்து ஒன்று, எழுத்துகள் மட்டும் ஒன்று என்று போகும். இப்படிச் சேர்ந்ததெல்லாம் ஒரு 2 டிபி வெளி ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. ஊருக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் கல்லுக்கு ஒரு ஃபோல்டர். 2018 வரைக்குமான படங்களுக்கு மட்டும் இன்னொரு நகல் மாமனார் வீட்டு அலமாரியில் இருந்தது. அதற்குப் பிறகு எடுத்தவற்றுக்கு நகல் இல்லை. ‘அடுத்த வாரம் எடுத்துடலாம்’ என்று தள்ளிப் போட்டே வருடங்கள் ஓடிவிட்டன.

போன வருடம் அந்த டிஸ்க் ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம் கொடுத்தது. அன்றைக்குத்தான் பயம் வந்தது. ஏனென்றால், நான் படம் எடுத்த கற்களில் ஒன்று இப்போது அந்த இடத்திலேயே இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது எங்கே போனது என்று ஊரில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கல்லுக்கு மிச்சம் இருப்பது என் படங்கள்தான்.

சரி, ஒழுங்காக ஒரு சர்வர் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு பண்ணினேன். ஓர் அலுவலகம் கழித்துக் கட்டிய பழைய டவர் சர்வர் ஒன்று குறைந்த விலைக்குக் கிடைத்தது. 16 ஜிபி மெமரி. ஓஎஸ்ஸுக்கு ஒரு சின்ன எஸ்எஸ்டி, படங்களுக்கு இரண்டு 4 டிபி டிஸ்க் வாங்கிப் போட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்த பிறகுதான் பிரச்சினை தெரிந்தது. டிவிடி டிரைவ் கிடையாது. பென்டிரைவ் சொருகினால் அதிலிருந்து பூட் ஆக மாட்டேன் என்கிறது. மூன்று பென்டிரைவ், நான்கு போர்ட், எல்லா அமைப்பையும் மாற்றிப் பார்த்தாயிற்று. பூட் வரிசையில் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று: நெட்வொர்க்.

பையன் கேட்ட கேள்வி

பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என் மகன், ஒன்பதாவது படிக்கிறான், கேட்டான்: “அப்பா, ஓஎஸ்ஸே இல்லாத மெஷின் எப்படிப்பா நெட்ல பேசும்? ஐபி அட்ரஸ் கூட இருக்காதே?”

நல்ல கேள்வி. இருபது வருடமாக மென்பொருள் எழுதுகிற எனக்கே உடனே கோர்வையாகப் பதில் சொல்ல வரவில்லை. இதுதான் பதில்.

நெட்வொர்க் கார்டில், அல்லது மதர்போர்டு ஃபர்ம்வேரில், மிகச் சிறிய ஒரு நிரல் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் பிஎக்ஸ்இ. ப்ரீபூட் எக்ஸிக்யூஷன் என்விரான்மென்ட் என்பதன் சுருக்கம். ஆங்கிலம் பேசுபவர்கள் செல்லமாக ‘பிக்ஸி’ என்பார்கள். இன்டெல் நிறுவனம் வகுத்தது. இன்றும் புழக்கத்தில் இருக்கும் 2.1 பதிப்பு 1999 செப்டம்பரில் வெளிவந்தது. இந்த நிரலுக்கு டிஸ்க் தெரியாது, கோப்பு தெரியாது, லினக்ஸ், விண்டோஸ் எதுவும் தெரியாது. இரண்டே வேலைதான் தெரியும்: ‘நான் யார், எனக்கு என்ன முகவரி’ என்று கேட்கும்; ‘இந்தக் கோப்பை எடுத்துக்கொள்’ என்று யாராவது சொன்னால் அதை எடுத்து மெமரியில் வைத்து ஓட்டும்.

முகவரியே இல்லாமல் எப்படிக் கேட்கும்? கத்தித்தான். நெட்வொர்க் கார்டுக்கு ஐபி முகவரி இல்லாவிட்டாலும் 48 பிட் நீளமுள்ள மேக் முகவரி என்று ஒன்று தொழிற்சாலையிலேயே பதித்திருப்பார்கள். முதல் பாதி தயாரித்தவரைக் குறிக்கும், மறுபாதி அந்தக் கார்டைக் குறிக்கும். ஆக, 0.0.0.0 என்ற அனுப்புநர் முகவரியோடு, 255.255.255.255 என்ற ‘எல்லாருக்கும்’ முகவரிக்கு ஒரு கடிதம் போகிறது. புது ஊருக்கு வந்தவர் பஸ் ஸ்டாண்டில் நின்று, “நான் இன்னார், தங்க இடம் யாராவது தருவீங்களா?” என்று கூவுகிற மாதிரி. வீட்டில் உள்ள எல்லாக் கருவிக்கும் அது கேட்கும். பதில் சொல்லத் தெரிந்தவர் மட்டும் சொல்வார்.

நாலு பேச்சும் ஒரு மூட்டையும்

இந்தப் பேச்சுவார்த்தை நமக்குப் புதிதல்ல. உங்கள் செல்போன் வைஃபையில் சேரும் ஒவ்வொரு முறையும் நடக்கிற டிஹெச்சிபி தான் இது. நான்கு படிகள்:

ஒன்று, டிஸ்கவர்: “யாராவது இருக்கீங்களா?”
இரண்டு, ஆஃபர்: “நான் இருக்கேன், 192.168.1.50 காலியா இருக்கு, வேணுமா?”
மூன்று, ரிக்வெஸ்ட்: “அதையே கொடுங்க.”
நான்கு, அக்: “சரி, உனக்குத்தான்.”

சாதாரணமாக இத்தோடு முடிந்துவிடும். பிஎக்ஸ்இ கூவும்போது மட்டும் கூடுதலாக இரண்டு விஷயம் சொல்லும். ஆப்ஷன் 60 என்ற இடத்தில் ‘நான் பிஎக்ஸ்இ கிளையன்ட்’ என்ற அறிவிப்பு. ஆப்ஷன் 93-இல் தான் எந்த வகை மெஷின் என்ற எண்: பழைய பயாஸ் வகை என்றால் 0, இன்றைய 64 பிட் யுஇஎஃப்ஐ என்றால் பெரும்பாலும் 7. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் என்னைப் படுத்தி எடுத்தது இதுதான். இதைக் கேட்ட சர்வர், ஐபி முகவரியோடு சேர்த்து இன்னும் இரண்டு தகவல் தரும்: கோப்பு எந்த மெஷினில் இருக்கிறது, அதன் பெயர் என்ன.

பிறகு அந்தக் கோப்பை எடுத்து வர வேண்டும். அதற்கு டிஎஃப்டிபி. பெயரிலேயே ‘ட்ரிவியல்’ என்ற சொல் இருக்கிறது. அவ்வளவு எளிமையானது. கடவுச்சொல் கிடையாது, ஃபோல்டர் பட்டியல் கேட்க முடியாது. 512 பைட் ஒரு துண்டு அனுப்பும், ‘வந்தது’ என்று பதில் வரும், அப்புறம் அடுத்த துண்டு. செங்கல் இறக்குகிறவர்கள் ஒவ்வொரு கல்லாகக் கை மாற்றுகிற மாதிரி. மறுமுனையில் வாங்கினால்தான் இந்த முனையில் அடுத்தது வரும்.

இதில் ஒரு கணக்கு. துண்டுகளுக்கு எண் போடுவது 16 பிட்டில். ஆகவே அதிகபட்ச எண் 65,535. அதை 512-ஆல் பெருக்கினால் சுமார் 32 எம்பி. அதற்கு மேல் பெரிய கோப்பு என்றால் பழைய டிஎஃப்டிபி திணறும். துண்டின் அளவைப் பேசிக் கூட்டிக்கொள்ளும் வசதி பின்னால் சேர்ந்தது. 40 எம்பி கோப்பை 512 பைட் துண்டுகளாக அனுப்பினால் 81,920 முறை கை மாற்ற வேண்டும். சுமார் 1,400 பைட் என்றால் ஏறக்குறைய 30,000 முறை போதும்.

கொஞ்சம் பழங்கதை

கல்லைப் பார்த்தால் காலம் கேட்கிற புத்தி எனக்கு. இதற்கும் தேடிப் பார்த்தேன். டிஸ்க் விலை அதிகமாக இருந்த 1980களில், டிஸ்க்கே இல்லாத வொர்க்ஸ்டேஷன்களை வரிசையாக வைத்து ஒரே ஒரு பெரிய மெஷினிலிருந்து எல்லாவற்றையும் எழுப்புவது பல்கலைக்கழகங்களில் நடைமுறையில் இருந்தது. டிஎஃப்டிபி வழியாகப் பூட் செய்யலாம் என்ற யோசனை ஆர்எஃப்சி 906 என்ற ஆவணத்தில் 1984 ஜூனில் எழுதப்பட்டது. அடுத்த வருடம் செப்டம்பரில் பில் கிராஃப்ட், ஜான் கில்மோர் இருவரும் பூட்பி என்ற நெறிமுறையை ஆர்எஃப்சி 951-ஆக வெளியிட்டார்கள். ‘என் முகவரி என்ன, என் பூட் கோப்பு என்ன’ என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே கடிதத்தில் பதில். 1993-இல் வந்த டிஹெச்சிபி அதன் மேலேயே கட்டப்பட்டது.

எனக்குப் பிடித்த விஷயம் இதுதான். இன்று உங்கள் செல்போன் வாங்கும் டிஹெச்சிபி கடிதத்திலும், 1985-இல் வகுத்த அதே அமைப்பு அப்படியே இருக்கிறது. சர்வர் பெயருக்கு 64 பைட், பூட் கோப்பின் பெயருக்கு 128 பைட் இடம் இன்றும் ஒதுக்கியிருக்கிறது. செல்போனுக்கு அது தேவையே இல்லை. புது வீடு கட்டும்போது தாத்தா காலத்து நிலைக்கதவைப் பிடுங்கி எறிய மனசில்லாமல் அப்படியே வைத்துக் கட்டுவோமே, அது போல. அந்தக் கதவு வழியாகத்தான் என் சர்வர் உள்ளே வந்தது.

நான் செய்தது

தேவையானவை: லினக்ஸ் ஓடும் ஒரு லேப்டாப், சர்வரையும் லேப்டாப்பையும் ரூட்டரோடு இணைக்க இரண்டு ஈதர்நெட் கேபிள். வைஃபையில் முயற்சி செய்ய வேண்டாம். பூட் நேரத்தில் இருக்கும் அந்தச் சின்ன நிரலுக்கு வைஃபை கடவுச்சொல் கேட்டுச் சேரும் அளவுக்குச் சாமர்த்தியம் பொதுவாகக் கிடையாது.

முதலில் டெபியன் 12-இன் ‘நெட்பூட்’ என்ற சிறிய தொகுப்பை இறக்கிக்கொண்டேன். அதில் முழு ஓஎஸ் இருக்காது. பூட்லோடர், கெர்னல், இனிட்ஆர்டி என்ற தற்காலிகக் கோப்பு முறைமை, அவ்வளவுதான். மற்ற எல்லாவற்றையும் நிறுவி எழுந்த பிறகு இணையத்திலிருந்து அதுவே எடுத்துக்கொள்ளும். இறக்கியதும் ஷா-256 கூட்டுத்தொகையை டெபியன் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இதைப் பலர் செய்வதில்லை.

அடுத்து டிஎன்எஸ்மாஸ்க். சைமன் கெல்லி எழுதிய சின்ன மென்பொருள். டிஹெச்சிபி, டிஎஃப்டிபி இரண்டையும் தானே பார்த்துக்கொள்ளும். இதன் அமைப்புக் கோப்பில் எனக்குத் தேவைப்பட்டது ஆறேழு வரிதான்: டிஎன்எஸ் வேலையை நிறுத்த ஒரு வரி, எந்த ஈதர்நெட் போர்ட் என்று ஒரு வரி, டிஹெச்சிபியை ‘ப்ராக்ஸி’ முறையில் ஓட்ட ஒரு வரி, டிஎஃப்டிபியை இயக்க ஒரு வரி, கோப்புகள் உள்ள ஃபோல்டர் எது என்று ஒரு வரி, எந்த வகை மெஷினுக்கு எந்தக் கோப்பு என்று வகைக்கு ஒரு வரி.

இதில் ‘ப்ராக்ஸி’ என்ற சொல்லைத்தான் அடிக்கோடு போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டில் ஏற்கெனவே ரூட்டர் டிஹெச்சிபி வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ப்ராக்ஸி முறையில் டிஎன்எஸ்மாஸ்க் யாருக்கும் ஐபி முகவரி தராது. ரூட்டர் முகவரியைக் கொடுக்கும். லேப்டாப் பக்கத்தில் நின்று, பிஎக்ஸ்இ என்று சொல்லிக்கொண்டு வருபவரிடம் மட்டும், “பூட் கோப்பு என்கிட்ட இருக்கு” என்று சொல்லும். இருவர் பதிலையும் சேர்த்து சர்வர் புரிந்துகொள்ளும்.

பிறகு சர்வரைப் போட்டு, பூட் வரிசையில் நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுத்தால், திரையில் புள்ளி புள்ளியாக ஓடி, டெபியன் நிறுவியின் மெனு வந்து நிற்க வேண்டும். உடனே வரவில்லை.

சறுக்கிய இடங்கள்

முதல் சறுக்கல், அந்த ப்ராக்ஸி வரி. முதல் தடவை அதைப் போடாமல் முழு டிஹெச்சிபி சர்வராகவே லேப்டாப்பை ஓட்டிவிட்டேன். இப்போது வீட்டில் முகவரி கொடுப்பவர்கள் இரண்டு பேர். யார் பதில் முந்துகிறதோ அதுவே செல்லும். ஐந்து நிமிடம் கழித்து உள்ளறையிலிருந்து மனைவியின் குரல்: “என்னங்க, நெட் போச்சா? மீட்டிங்ல இருக்கேன்!” அவளுடைய லேப்டாப் என் லேப்டாப்பிடம் முகவரி வாங்கியிருந்தது, இணையத்துக்குப் போக என் லேப்டாப்பையே வாசலாக நினைத்துக்கொண்டது. வாசல் மூடிக் கிடந்தது. வீட்டில் இது ஒரு திட்டோடு போயிற்று. அலுவலகத்திலோ ஹாஸ்டலிலோ இப்படிச் செய்தால் மொத்தத் தளமும் நின்றுபோகும். செய்யவே செய்யாதீர்கள்.

இரண்டாவது, ஃபயர்வால். சர்வர் கூவுகிறது, லேப்டாப்பில் பதிலே இல்லை. யுடிபியில் மூன்று கதவைத் திறக்க வேண்டும்: டிஹெச்சிபிக்கு 67, டிஎஃப்டிபிக்கு 69, ப்ராக்ஸி முறைக்கு 4011. ஏதாவது வரவில்லை என்றால் ஊகித்துக்கொண்டு உட்காராமல் டிசிபிடம்ப் ஓட்டிப் பாருங்கள். கூவல் வந்து சேர்கிறதா, நாம் பதில் அனுப்புகிறோமா என்று இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மூன்றாவது, அந்த ஆப்ஷன் 93. இணையத்தில் பார்த்த ஒரு குறிப்பை நம்பி யுஇஎஃப்ஐக்கான கோப்பை வைத்திருந்தேன். என் சர்வர் பழைய பயாஸ் முறையில் இருந்தது. கோப்பு போய்ச் சேரும், திரை அப்படியே உறைந்து நிற்கும். எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. ஒன்றரை மணி நேரம் கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்தேன். பயாஸ் என்றால் பிஎக்ஸ்இலினக்ஸ், யுஇஎஃப்ஐ என்றால் க்ரப். கடைசியில் டிஎன்எஸ்மாஸ்க் பதிவேட்டைப் படித்தபோதுதான் 0 என்ற எண் கண்ணில் பட்டது. அந்த எண்ணை முதலிலேயே பார்த்திருந்தால் ஒன்றரை மணி நேரம் மிச்சம்.

இதற்குப் பிறகு எல்லாம் சரியாக நடந்தது. மெனு வந்தது. மொழி, நேரம், பயனர் பெயர் எல்லாம் கேட்டது. எந்த டிஸ்க் என்று கேட்டது, எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுத்தேன். “இதில் உள்ளதெல்லாம் அழியும், தொடரலாமா?” என்று கேட்டது, ஆம் என்றேன். இருபத்தைந்து நிமிடத்தில் சர்வர் தயார். சனிக்கிழமை இரவு மணி பத்து. பையன் கை தட்டினான். காலையில் படங்களை நகலெடுக்க ஆரம்பிக்கலாம் என்று, பழைய வெளி டிஸ்க்கை சர்வரின் பின்பக்கம் சொருகிவிட்டுத் தூங்கப் போனேன்.

இங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

கேள்வியே கேட்காத நிறுவி

ஞாயிறு காலை காபி குடிக்கும்போது ஒரு யோசனை. நாளைக்கு இந்த சர்வர் கெட்டுப்போனால் மறுபடி எல்லாக் கேள்விக்கும் பதில் தட்டிக்கொண்டு உட்கார வேண்டுமா? டெபியனில் ‘ப்ரீசீட்’ என்று ஒரு வசதி உண்டு. நிறுவி கேட்கும் எல்லாக் கேள்விகளுக்கும் பதிலை முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதி வைத்துவிடலாம். அதை லேப்டாப்பில் ஒரு வலைச் சேவையகம் வழியாக வைத்து (பைத்தானில் ஒரே வரி போதும்), கெர்னல் வரியில் அதன் முகவரியைச் சேர்த்தால் முடிந்தது. பொத்தானைத் தட்டிவிட்டுக் குளிக்கப் போகலாம்.

எழுதினேன். மொழி, நேரம், பயனர். டிஸ்க் எது என்ற இடத்தில், முந்தின நாள் எஸ்எஸ்டிக்கு இருந்த பெயரையே எழுதினேன்: எஸ்டிஏ. ‘அழியும், தொடரலாமா’ என்ற கேள்விக்கும் ஒரு வரி உண்டு. அதற்கு ‘ஆம்’ என்று எழுதினேன். மாதிரிக் கோப்பிலும் அப்படித்தான் இருந்தது.

சர்வரை மறுபடி போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன்.

எஸ்டிஏ, எஸ்டிபி என்பதெல்லாம் டிஸ்க்கின் பெயர் அல்ல. கெர்னல் கண்ணில் பட்ட வரிசை. முதலில் பட்டது ஏ, அடுத்தது பி. முந்தின நாள் வெளி டிஸ்க் சொருகியிருக்கவில்லை, எஸ்எஸ்டி ஏ. இன்றைக்கு உள் டிஸ்க்குகள் தொங்கும் கன்ட்ரோலர் கார்டு விழித்தெழுவதற்குள், யுஎஸ்பியில் இருந்த என் பழைய டிஸ்க் முந்திக்கொண்டது. அது ஏ. எஸ்எஸ்டி பி.

குளித்துவிட்டு வந்து பார்த்தேன். ‘பூட் செய்ய டிஸ்க் இல்லை’ என்று திரை. யுஎஸ்பியில் இருந்து பூட் ஆகாத மெஷின் அல்லவா? அதனால்தான் அப்படிச் சொன்னது. ஓஎஸ் ஒழுங்காகத்தான் நிறுவப்பட்டிருந்தது, என் பன்னிரண்டு வருடத்துக்கு மேல். வெளி டிஸ்க்கின் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நிறுவி மீது குற்றமில்லை. ‘தொடரலாமா’ என்று அது கேட்டது. ஆம் என்று நான்தான் சொல்லியிருந்தேன், அது எந்த டிஸ்க்கைக் காட்டிக் கேட்கப்போகிறது என்று தெரிவதற்கு முன்னாலேயே.

மீட்டதும் மீட்க முடியாததும்

அப்போது செய்த ஒரே நல்ல காரியம், உடனே டிஸ்க்கைப் பிடுங்கி வைத்தது. அழிந்த டிஸ்க்கில் மேற்கொண்டு ஒரு பைட் கூட எழுதக் கூடாது. மறுநாள் டிடி-ரெஸ்க்யூ கொண்டு அதை அப்படியே ஒரு 4 டிபி டிஸ்க்கில் பிம்பமாக எடுத்தேன். மற்ற வேலையெல்லாம் பிம்பத்தின் மேல்தான்.

டெபியன் எழுதியது சில ஜிபி மட்டுமே. ஆனால் எங்கே எழுதியது என்பதுதான் விஷயம். என் டிஸ்க் எக்ஸ்ஃபேட் முறையில் இருந்தது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையும் மேல்மட்ட ஃபோல்டர் பட்டியலும் டிஸ்க்கின் முன்பகுதியில் இருந்தன. அவை போய்விட்டன. டெஸ்ட்டிஸ்க் எதையும் மீட்டுத் தரவில்லை. ஃபோட்டோரெக் தந்தது. அது அட்டவணையைப் பார்ப்பதில்லை. டிஸ்க்கை முதலிலிருந்து கடைசி வரை படித்து, ‘இது ஜேபெக் படத்தின் தொடக்கம் மாதிரி இருக்கிறதே’ என்று அடையாளம் கண்டு எடுத்துத் தரும். இரண்டு நாள் ஓடியது. படங்களில் பெரும்பகுதி வந்துவிட்டது.

ஆனால் பெயர் இல்லாமல் வந்தது. எல்லாக் கோப்புக்கும் ‘எஃப்’ என்ற எழுத்தும் ஒரு நீண்ட எண்ணும்தான் பெயர். ஊர்ப் பெயரும், கல்லின் எண்ணும், ‘ஏரிக்கரை, வடக்குப் பார்த்தது’ என்று ஃபோல்டரில் எழுதியிருந்ததும் இல்லை. என் கேமராவில் ஜிபிஎஸ் கிடையாது. படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் எக்ஸிஃப் தகவலில் தேதியும் நேரமும் மட்டும் பிழைத்திருந்தன.

எழுத்தில்லாத நடுகல்லை நிறையப் பார்த்திருக்கிறேன். வீரன் நிற்பான், கையில் வில் இருக்கும், பெயர் இருக்காது. யார், எந்த ஆநிரைக்காகச் செத்தான் என்று தெரியாது. ஆயிரக்கணக்கில் அப்படி ஒரு குவியலை நானே உண்டாக்கி வைத்திருந்தேன்.

2018 வரைக்கும் மாமனார் வீட்டு நகல் காப்பாற்றியது. 2019-க்குப் பிறகு வந்ததற்கு என் களக் குறிப்பு நோட்டுகள்தான் கை கொடுத்தன. நோட்டில் தேதி, நேரம், ஊர் எழுதும் பழக்கம் இருந்தது. இந்தத் தேதியில் காலை 9:40-க்கு இந்த ஊர், 11:15-க்கு அடுத்த ஊர் என்று பார்த்து, படங்களின் நேரத்தோடு பொருத்தி, ஃபோல்டர்களைத் திரும்பக் கட்டினேன். இடையிடையே கேமராக் கடிகாரமே பதினெட்டு நிமிடம் தப்பாக இருந்ததையும் கண்டுபிடித்தேன். ஏழு மாதம் ஆயிற்று. நோட்டில் ஒன்றும் எழுதாமல் விட்ட இரண்டு பயணங்களின் படங்கள் இன்றும் ஊர் பெயர் இல்லாமல்தான் கிடக்கின்றன. சாலை அகலப்படுத்தியதில் போன அந்தக் கல்லின் படங்கள் பத்திரமாக இருக்கின்றன. அதை முதல் நாளே தேடிப் பார்த்துவிட்டேன்.

இப்போது நான் செய்யும் முறை

நெட்வொர்க் வழியாக நிறுவுவது அருமையான விஷயம். இன்னமும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் இந்த ஒழுங்கோடு:

நகல் எடுத்து, அந்த நகலிலிருந்து ஒரு கோப்பைத் திறந்தும் பார்த்த பிறகுதான் நிறுவல்.

நிறுவும்போது, நிறுவப்போகும் டிஸ்க்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுவது. மென்பொருளில் எத்தனை பாதுகாப்பு இருந்தாலும், கழற்றிய கேபிளுக்கு நிகராகாது.

ப்ரீசீட் கோப்பில் எஸ்டிஏ என்று எழுதுவதில்லை. டிஸ்க்கின் மாடலும் வரிசை எண்ணும் சேர்ந்த நிலையான பெயர் ஒன்று லினக்ஸில் ‘பை-ஐடி’ என்ற ஃபோல்டரில் இருக்கும். அதை எழுதுகிறேன். டிஸ்க் மாறினால் நிறுவி கண்டுபிடிக்க முடியாமல் நிற்கும். நிற்கட்டும்.

‘அழியும், தொடரலாமா’ என்ற கேள்விக்கு மட்டும் பதில் எழுதி வைப்பதில்லை. மற்ற நாற்பது கேள்விக்கு மெஷினே பதில் சொல்லட்டும். இந்த ஒன்றுக்கு நான் எழுந்து போய்த் திரையைப் பார்த்து, டிஸ்க்கின் அளவைப் படித்து, என்டர் தட்டுகிறேன்.

எல்லாருக்கும் பொதுவான பூட் அமைப்பில் தானியங்கி நிறுவலை வைப்பதில்லை. பிஎக்ஸ்இலினக்ஸ் தன் அமைப்புக் கோப்பைத் தேடும் வரிசை அழகானது: முதலில் மெஷினின் யுயுஐடி, பிறகு மேக் முகவரி, பிறகு ஐபி முகவரியின் பதினாறடிமான வடிவம் (192.168.1.50 என்றால் சி0ஏ80132), அதில் கடைசியிலிருந்து ஒவ்வோர் எழுத்தாகக் குறைத்துக்கொண்டே போய், எதுவும் கிடைக்காவிட்டால்தான் ‘டிஃபால்ட்’. அதனால் நிறுவல் அமைப்பை அந்த ஒரு மேக் முகவரியின் பெயரில் மட்டும் வைக்கிறேன். டிஃபால்ட்டில் ‘உள் டிஸ்க்கிலிருந்து பூட் ஆகு’ என்பதுதான். இல்லையென்றால், பூட் வரிசையில் நெட்வொர்க் முதலில் இருக்கும் எந்த மெஷினும், ஒவ்வொரு முறை போடும்போதும் தன்னைத்தானே அழித்து மறுபடி நிறுவிக்கொண்டே இருக்கும்.

வேலை முடிந்ததும் டிஎன்எஸ்மாஸ்க்கை நிறுத்திவிடுகிறேன். பிஎக்ஸ்இ பதில் சொல்பவரை நம்பும், யார் என்று கேட்காது. அந்தக் கதவைத் திறந்தே வைத்திருப்பது நல்லதல்ல. ப்ரீசீட் கோப்பும் வீட்டு நெட்வொர்க்கில் யாரும் படிக்கும்படி கிடக்கும். அதில் கடவுச்சொல்லை அப்படியே எழுதாமல் ஹாஷ் வடிவில் எழுதி, நிறுவி முடித்ததும் மாற்றிவிட வேண்டும்.

இப்போது படங்கள் சர்வரில் இரண்டு டிஸ்க்கிலும், மாமனார் வீட்டில் மூன்றாவதிலும் இருக்கின்றன. ஊர்ப் பெயரை ஃபோல்டரில் மட்டும் எழுதுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு படத்துக்குள்ளும் எக்ஸிஃப் பகுதியிலேயே எழுதி வைக்கிறேன். படம் பிழைத்தால் பெயரும் பிழைக்கும்.

அடுத்த பதிவிலிருந்து வழக்கம்போல நடுகற்கள். அந்த இரண்டு பயணங்களின் பெயர் தெரியாத கற்களில் சிலவற்றைப் போடப் போகிறேன். அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது பார்த்து, “இது எங்க ஊர் ஏரிக்கரைல இருக்கிற கல்லாச்சே” என்று சொன்னால், பெரிய உதவியாக இருக்கும்.